நாற்பத்திரண்டு கோப்புகளுக்கு ஒரே மாப்பிள்ளை

மார்ச் 2, திங்கள்

பணி ஓய்வுக்கு இன்னும் இருபத்தொன்பது நாள். மில்லில் முப்பத்து மூன்று வருடம், அதில் பி.எஃப். பிரிவில் மட்டும் இருபத்தொன்று. எங்கள் மில்லுக்கென்று தனியாக பி.எஃப். டிரஸ்ட் இருக்கிறது. தொழிலாளிகளின் ஓய்வுக்காலப் பணம் அதில் சேரும். நடுவில் அவசரம் என்றால் அதிலிருந்தே கடன் கொடுப்போம், மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம். அந்த டிரஸ்டுக்குக் குமாஸ்தா, காவல்காரன், பூசாரி எல்லாம் நான் ஒருவனே.

இன்று புது ஆடிட்டர் வந்தார். மெர்லின் என்று பெயர், நாகர்கோவில்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய ஆடிட்டர் காகிதங்களை எண்ணுவார், படிக்க மாட்டார். மூன்றரைக்குப் பருப்பு வடை வாங்கிக் கொடுத்தால் நாலு மணிக்குக் கையெழுத்து விழும். மெர்லின் மேடம் வடை வேண்டாம் என்றுவிட்டார். எனக்குச் சகுனம் சரியாகப் படவில்லை.

இரண்டு வடையையும் நானே தின்றேன். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் வரும் வரை பஸ்ஸில் நெஞ்சு எரிந்தது.

மார்ச் 4, புதன்

மேடம் கடன் கோப்புகளில் இருந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டார்.

"சார், இந்த சுகந்தி யாரு?"

"எந்த சுகந்தி மேடம்?"

"அதத்தான் கேக்கேன். சங்கையா மகள் சுகந்தி. காளிராஜ் மகள் சுகந்தி. குருவம்மா மகளும் சுகந்தி. எல்லாருக்கும் ஒரே மாப்பிள்ளை, ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

"கீழ, தங்கள் வரவை விரும்பும் பூவலிங்கம்னு போட்டிருக்கு. அது நீங்கதானே?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? முப்பத்து மூன்று வருடமாக வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போடுகிறேன். மேடம் பென்சிலால் எண்ணினார். என்னையும் சேர்த்து நாற்பத்திரண்டு கோப்பு. "மாப்பிள்ளை கொடுத்து வச்சவரு சார்" என்றார். சிரிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

இந்த நோட்டிலாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

டிரஸ்டில் நாலு காரணத்துக்குத்தான் கடன்: வீடு, வைத்தியம், படிப்பு, கல்யாணம். வீட்டுக்கு வரைபடம், அனுமதி, பட்டா எல்லாம் வேண்டும். வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி பில்லும் படிப்புக்குக் கல்லூரிக் கடிதமும். கல்யாணத்துக்குப் பத்திரிகை ஒன்று போதும்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் ஸ்பின்னிங் சங்கையா வீட்டுக் கூரை போய்விட்டது. பட்டா கிடையாது, புறம்போக்கு. மனுஷன் நனைந்த வேட்டியோடு என் மேசை முன்னால் நின்றான். என் மேசை டிராயரில் என் மகள் சுகந்தி கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு கிடந்தது. ஐந்நூறு அடித்ததில் நானூற்றுச் சொச்சம் மிஞ்சியிருந்தது. ஏன் மிஞ்சியது என்பது இந்தக் கணக்கில் வராது. ஒன்றை எடுத்து அவன் கோப்பில் குத்தினேன், கூரை வேய்ந்தாயிற்று. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "அண்ணாச்சி, சுகந்தி கல்யாணத்துக்குக் கொஞ்சம் பணம் வேணும்" என்றே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். விண்ணப்பம் கிடையாது, கடன் பத்திரம் கிடையாது, தவணை ஒப்பந்தம் கிடையாது. மாதம் ஆயிரம் பிடிச்சுக்கோங்க என்பார்கள், பிடித்துக்கொள்வேன். ஒரு பைசா தவறியதில்லை.

ஆளுக்கொரு பத்திரிகை அடித்திருக்கலாமே என்று மேனேஜர் இன்று கேட்டார். பொய்ப் பத்திரிகை அடிப்பது குற்றம் சார் என்றேன். நான் வைத்ததெல்லாம் அசல்.

மார்ச் 6, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. முப்பதாம் தேதிக்குள் ஒவ்வொரு கோப்பிலும் நான்கு காகிதம் இருக்க வேண்டும். கடன் வாங்கிய உண்மையான காரணம், கடன் பத்திரம், தவணை ஒப்பந்தம், வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ தெரிந்து போட்ட சம்மதக் கையெழுத்து. மகள் கல்யாணம் என்றால் மகளின் கையெழுத்தும். ஒரு கோப்பு குறைந்தாலும் டிரஸ்டின் அனுமதி போய்விடும். போனால் நாற்பத்தோரு பேரின் கடன் பாக்கியும் ஏப்ரல் சம்பளத்தில் ஒரே பிடியாகப் பிடிக்கப்படும். சங்கையாவுக்கு ஏப்ரலில் சம்பளக் கவரில் சீட்டு மட்டும்தான் வரும்.

என் கோப்பைப் பற்றி மேடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? விண்ணப்பம், கடன் பத்திரம், தவணை, என் மனைவி செண்பகத்தின் சம்மதம், எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மகள் கல்யாணம் என்று எழுதி, மகளின் கல்யாணப் பத்திரிகையையே வைத்த ஒரே கோப்பு அது.

மார்ச் 8, ஞாயிறு

சுகந்தி மதுரையிலிருந்து வந்தாள். அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை, விடுதியில் தங்கல், ஞாயிறு மட்டும் வருவாள். பீர்க்கங்காய்க் கூட்டு, அப்பளம். "ஏம்ப்பா மூஞ்சி தொங்குது?" என்றாள். ஆடிட் என்றேன்.

தண்ணீர்த் தொட்டி கழுவினோம்.

மார்ச் 10, செவ்வாய்

கேண்டீனுக்குப் பின்னால் மேசை போட்டு உண்மைக் காரணம் எழுத ஆரம்பித்தோம். மேடம் கேட்க, நான் எழுத, வரிசையாக நிற்கிறார்கள். ஏழு வருடமாக ஒரே சுகந்திக்குச் சீர் செய்தவர்கள் இன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொல்கிறார்கள். போர் போட்டது, தண்ணீர் வராதது. தம்பிக்கு ஜாமீன். குலதெய்வத்துக்குக் கிடா. ஒருவன் பல் கட்டியிருக்கிறான். அதை வைத்தியத்தில் சேர்க்கலாம் என்று மேடம் சொன்னதும் வாயைத் திறந்து சான்றே காட்டினான். நாலு காரணத்தில் அடங்காததற்கு வட்டி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். யாரும் அதற்கு முகம் சுளிக்கவில்லை. வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்றதும்தான் முகமெல்லாம் வெளிறிவிட்டது. நாற்பத்தோரு பேரில் இருபத்தாறு பேர் வீட்டில் சொல்லாமல் வாங்கியவர்கள்.

வரிசையில் நின்றபடி காளிராஜ் கேட்டான். "அண்ணாச்சி, மஸ்கட்லருந்து மாப்பிள்ளை எப்ப வாராரு?"

"லீவு கிடைக்கலப்பா. இப்ப சூப்பர்வைசர் ஆயிட்டாரு, முன்ன மாதிரி இல்ல."

"மூலம் ஆபரேசன் பண்ணாங்களே, இப்ப தேவலையா?"

தேவலை என்றேன். மேடம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மார்ச் 13, வெள்ளி

மில் கேட்டில் இன்று பெண்கள் கூட்டம். வாட்ச்மேன் போராட்டம் என்று நினைத்து மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார்.

காளிராஜ் வாங்கிய கடன், மனைவியின் சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்து, அவளுக்குத் தெரியாமலே திருப்பியதற்கு. நாக்குக் குழற அதைச் சொன்னான். அவள் அவனைப் பார்க்காமல் மேடத்திடம் சொன்னாள்: "போகையில கருத்துக் கெடந்துச்சு, வரையில பளபளன்னு வந்துச்சு. நான் என்ன குருடியா? எங்க போடணும் கையெழுத்து?" காளிராஜ் ஆறு வருடம் பயந்தது தண்டம்.

குருவம்மாவின் வழக்கு வேறு. புருஷனுக்குத் தெரியாமல் தன் பெயரில் ரெண்டு சென்ட் இடம் வாங்கியிருக்கிறாள். அவர் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அப்ப நமக்கு எடம் இருக்கா?" என்றார்.

"எனக்கு இருக்கு. ஒழுங்கா இருந்தா நீங்களும் வரலாம்" என்றாள் குருவம்மா.

கட்டியவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல இந்த ஆண்பிள்ளைகள் இப்படி நடுங்குவதை நினைத்து வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

முப்பத்து மூன்று கோப்பு முடிந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க கோப்பு ஒண்ணுதான் அப்பவே சரியா போட்டிருக்கு. மாதிரிக் கோப்புன்னு அறிக்கையில காட்டப் போறேன்."

நான் சட்டென்று எழுந்து நின்றேன். பெருமையால் என்று அவர் நினைத்திருப்பார்.

"ரெண்டே ரெண்டு பாக்கி. கல்யாணம் நடந்ததுக்கு ஒரு சான்று, போட்டோ இருந்தாலும் போதும். அப்புறம் மகளோட கையெழுத்து."

"மக மஸ்கட்ல இருக்கா மேடம்."

"போன வாரம் ஞாயித்துக்கிழமை மக வந்தா, தொட்டி கழுவினோம்னு சொன்னீங்களே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

மார்ச் 18, புதன்

பஜாரில் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். மகள் படம் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் மாலையோடு ஒரு மாப்பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "தாராளமா. மாப்பிள்ளை படம் குடுங்க" என்றார் கடைக்காரர். இல்லை என்றேன். பத்திரிகையில் பெயர் இருக்கிறவன் படம் என்னிடம் இல்லை, இருந்தாலும் அவன் மூஞ்சி எனக்குப் பிடிக்காது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் வரிசையாக ஆட்களைக் காட்டினார். நாலாவது ஆள் நல்ல மீசை, மஸ்கட்டில் சூப்பர்வைசராக இருக்கக்கூடிய முகம். ஐந்நூறு ரூபாய் என்றார்.

பணத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டேன். ஏழு வருடம் நானே வளர்த்த மாப்பிள்ளை. வேலை வாங்கிக் கொடுத்தேன், ஆபரேஷன் செய்தேன், பதவி உயர்வு கொடுத்தேன். அவனுக்கு எவனோ ஒருவன் மூஞ்சியை ஒட்ட மனசு வரவில்லை.

மார்ச் 19, வியாழன்

சரி. எழுதிவிடுகிறேன். கல்யாணம் நடக்கவில்லை.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை பிரபாகர் வீட்டார் கார் கேட்டார்கள். டிரஸ்டில் மூன்று லட்சம் எடுத்தேன். செண்பகத்திடம் மட்டும் கையெழுத்து வாங்கினேன். சுகந்திக்குத் தெரியாது. பீரோவில் வைத்த காசோலையை அவள் பார்த்துவிட்டாள். "உன் கடைசிக் காலத்துக் காசுல எனக்கு ஆள் வாங்கப் போறியா?" என்று கேட்டவள், மறுநாள் தனியாக மதுரைக்குப் போய், அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

பணத்தைத் திருப்பிக் கட்டியிருக்கலாம். கட்டப் போனால் ஏன் என்று மில்லில் கேட்பார்கள். தேதி மாறிப்போச்சு, அழகர்கோயிலில் சுருக்கமாக முடித்துவிட்டோம் என்று சொல்லி லட்டு கொடுத்தேன். மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்த முன்பணம் போக மிச்சம் அஞ்சலகத்தில் கிடக்கிறது. மாதம் தவறாமல் என் சம்பளத்தில் தவணையும் கட்டுகிறேன், ஒரு மாப்பிள்ளையும் இல்லாமல்.

வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. செண்பகத்துக்கு இதெல்லாம் தெரியும். ஏழு வருடமாக அவள் எந்த மில் விசேஷத்துக்கும் வந்ததில்லை. சுகந்திக்குத் தெரியாது.

மார்ச் 20, வெள்ளி

மேடத்திடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். ஒரு கோப்பில், பேச்சுக்கு, கல்யாணமே நடக்கவில்லை என்றால்?

"பாக்கியையும் அபராத வட்டியையும் கட்டி, ஏன் நடக்கலன்னு எழுதி, அந்தப் பொண்ணு படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாச் சரியாயிரும். அதுக்குன்னு பொய்ச் சான்று வச்சா, நான் இவ்வளவு நாளு எழுதுன அத்தனை கோப்பும் விழுந்திரும்."

யாருடைய கோப்பு என்று கேட்கவில்லை. கெட்டிக்காரப் பெண்.

மார்ச் 22, ஞாயிறு

சுகந்தி வந்தாள். மூன்று தரம் வாயைத் திறந்தேன். முதல் தரம் கொத்தமல்லி வாங்கச் சொன்னேன். இரண்டாம் தரம் விசிறி ரெகுலேட்டரைப் பார்க்கச் சொன்னேன், பிரித்துச் சரிசெய்துவிட்டாள். மூன்றாம் தரம் கொட்டாவி விட்டேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் செண்பகம் சொன்னாள்: "காளிராஜ் பொண்டாட்டிகிட்ட சொல்லப் பயந்தான்னு அன்னைக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்சீகளே."

கொத்தமல்லியில் பாதி அழுகல்.

மார்ச் 25, புதன்

நாற்பத்தோராவது கோப்பு சங்கையாவுடையது. முதலில் வாங்கியவன் கடைசியில் வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டும் நகரவில்லை. மேடம் தண்ணீர் குடிக்கப் போனதும் குனிந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னாக் கோவிக்க மாட்டீகளே? முகூர்த்தத்தன்னைக்கு நான் மதுரைக்கு வந்தேன். மண்டபத்துக்கு."

மில்லில் அவனுக்கு ஒருவனுக்குத்தான் பத்திரிகை கொடுத்திருந்தேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"போனா, யாரு வீட்டுப் பிள்ளைக்கோ காதுகுத்து. தேதி காலியாப் போச்சுன்னு பிடிச்சிருக்காக. வாங்க வாங்கன்னு உக்கார வச்சுட்டாக. சாப்பாடு அருமை. சும்மா வரக்கூடாதுல்ல, நூத்தியொண்ணு மொய் எழுதிட்டு வந்தேன்."

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"மில்லு பூராத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்யா வாரா வாரம் மாப்பிள்ளையக் கேட்டீங்க?"

"நீங்க சொல்லுறது நல்லா இருக்கும்ல அண்ணாச்சி. மூலம் ஆபரேசன் சொன்னீகளே, கேண்டீன்ல ரெண்டு நாள் அதே பேச்சுத்தான்." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நாங்க நாப்பத்தோரு பேரும் வீட்ல சொல்லிட்டோம். நீங்கதான் பாக்கி. ஒங்க ஒரு கோப்பால ஏப்ரல் மாசம் எங்க வீட்டுல ஒலை வைக்காமப் போயிறக் கூடாது."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 27, வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டு மதுரை. ஆஸ்பத்திரி கேண்டீனில் சுகந்தியிடம் சொன்னேன்.

நாற்பத்திரண்டு கோப்புக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து மேசை நர்ஸுகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரிக்கட்டும் என்று பல் கட்டியவன் கதையையும் இடையில் சேர்த்தேன். அப்புறம் மஸ்கட்டைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அவருக்கு என்ன பேரு வச்ச?"

"பத்திரிகையில இருந்த பேருதான்."

"அப்ப ஏழு வருசமா நான் அந்தாளுகூடவா குடும்பம் நடத்துறேன்?"

டீ வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

"அன்னைக்கு எனக்கு இருபத்தி நாலு வயசுப்பா. அந்த வீட்ல பதினஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வெளிய வந்து, செருப்பு மாட்ட முடியாம நின்னேன். நான் செஞ்சதுலயே பெரிய காரியம் அதுதான். அது உனக்கு அவ்வளவு கேவலமா இருந்துச்சா?"

பொய் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. "ஆமா" என்றேன். "அன்னைக்கு இருந்துச்சு."

"இன்னைக்கு?"

நான் டீ கிளாஸை நகர்த்தி வைத்தேன். அவள் எழுந்தாள். "ஏன் நடக்கலன்னு எழுதணும்ல, எழுதிட்டு வா. படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன். புடிக்கலன்னா போட மாட்டேன்."

நாற்பத்தோரு பேரின் ஏப்ரல் சம்பளத்தைச் சொல்லி அவளைப் பிடிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையாவது செய்யாமல் வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு முதல் காகிதம். "தவிர்க்க இயலாத காரணங்களால் திருமணம் நடைபெறவில்லை." சுகந்தி படித்துவிட்டு இட்லித் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு இரண்டாவது. "இரு வீட்டாரும் கலந்து பேசி" என்று ஆரம்பித்தேன். "யாருப்பா கலந்து பேசுனது? நான் தனியாத்தான போனேன்?" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவதற்கு நேரம் ஆனது. மில்லில் நாற்பத்தோரு பேரை அதட்டி அதட்டி உண்மையான காரணம் சொல்ல வைத்தவன், ஐந்து வரிக்கு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்ததில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அவள் நின்றபடி படித்தாள். இன்னொரு தரம் உட்கார்ந்து படித்தாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.

வெகுநேரம் துணி எடுத்தாள். மொத்தம் நாலு துணிதான் காய்ந்தது.

மார்ச் 30, திங்கள்

காலையிலேயே பாக்கியும் அபராத வட்டியும் சேர்த்துக் கட்டிவிட்டேன். அஞ்சலகப் பணம் போதவில்லை, செண்பகம் பன்னிரண்டாயிரம் கொடுத்தாள். எங்கே வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேடத்திடம் காகிதத்தை நீட்டினேன். அவர் வாய்விட்டே படித்தார்.

"என் மகள் சுகந்தியின் திருமணத்துக்காக இக்கடனைப் பெற்றேன். மணமகன் வீட்டார் கார் கேட்டனர். மணமகள் நேரில் சென்று மறுத்தார், ஆகவே திருமணம் நடைபெறவில்லை. நடந்ததாக மில்லில் சொன்ன பொய் என்னுடையது. அவள் மறுத்தது சரி."

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சங்கையாவின் தலை தெரிந்தது, அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள்.

மேடம் பேனாவை எடுத்தார். "எல்லாம் சரியா இருக்கு சார். மாதிரிக் கோப்புன்னு மட்டும் இனி போட முடியாது."

"தெரியும் மேடம்."

"கடைசி வரி ஆடிட்டுக்குத் தேவையில்ல. அதை மட்டும் அடிச்சிரட்டா?"

"அடிச்சா அவ கையெழுத்து செல்லாது மேடம்" என்றேன். "அந்த வரிக்குத்தான் போட்டா."

அவர் அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு முத்திரையை எடுத்தார்.